பில்லு நம்பரும் பதினாறு த்ரெட்டும்

"ஏனுங்ணா, இன்னுமா ஃபார் லூப்புல ஒவ்வொண்ணா அனுப்பிட்டு இருக்கறோம்?"

எங்க சாப்ட்வேர் ஆபீசுல புதுசா சேந்த தம்பி, ஒரு பில்லிங் புரோக்ராமைப் பாத்துட்டுக் கேட்டது இது. ஃபார் லூப்புங்கறது ஒரே வேலைய ஒண்ணு முடிஞ்சு ஒண்ணாத் திரும்பத் திரும்பச் செய்யற புரோக்ராம் கோடு. கோட் ரிவ்யூன்னு பேருக்கு ஒரு மீட்டிங் வெப்போம், டீ வர்ற வரைக்கும் நடக்கும், அதுல கேட்டான். மரியாதைக் கொறவு எல்லாம் ஒண்ணுமில்ல, பெருந்துறைப் பக்கத்துப் பையன், திட்டறதா இருந்தாலும் கடைசில ஒரு 'ங்ணா' சேத்துத்தான் திட்டுவான். ஆனா ஒண்ணு முடிஞ்சு அடுத்ததுன்னு வரிசையா ஓடற கோடுன்னாலே அது தெரியாதவன் எழுதினது, விவரமானவன் எழுதினா எல்லாம் ஒரே நேரத்துல ஓடும்ங்கற நெனப்பு இருக்குதே, அது அவன் கேள்வில தெரிஞ்சுது. அவனை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்றது, கோயமுத்தூருல சரவணம்பட்டிப் பக்கம் எந்த இன்டர்வியூவுக்குப் போனாலும் மல்டி த்ரெடிங் (ஒரே புரோக்ராமுக்குள்ள பல த்ரெட்டு, பல ஆளு மாதிரி, ஒரே நேரத்துல வேலை செய்யறது) பத்தி நாலு கேள்வி கேட்டுத்தான் உள்ள விடறாங்க, உள்ள போனதுக்கு அப்பறம் ரெண்டு வருசத்துக்கு ஃபார்ம்ல கட்டம் சேக்கற வேலைதான் குடுப்பாங்க, அது வேற கதை.

எனக்கு அந்தக் கேள்விக்கு அன்னைக்கே பதில் சொல்லத் தெரியாம இல்ல. "ஓடுது இல்ல, உடு"ன்னு சொல்லிருக்கலாம். அது பதில் இல்லன்னும் தெரியும். ஏன்னா அவன் சொன்ன புரோக்ராம் உண்மையிலயே மெதுவாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, அதனால திருப்பூருல ஒரு பனியன் கம்பெனி வாசல்ல தெனமும் சாயங்காலம் ஒரு லாரி சும்மா நின்னுட்டு இருந்துச்சு.

சாயங்காலம் ஆறு மணி

அந்தக் கம்பெனி அனுப்பர்பாளையம் தாண்டி இருக்குது. எக்ஸ்போர்ட் இல்ல, உள்ளூர் சரக்கு, பனியன் ஜட்டி போட்டு தென்னாட்டுல இருக்கற டீலருங்களுக்கு எல்லாம் அனுப்பறாங்க. பகல் பூரா பேக்கிங் ஓடும், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல மொத்தமா பில்லு போடுவாங்க, ஆறு ஆறரைக்கு பார்சல் சர்வீஸ் லாரிக எல்லாம் வந்து நிக்கும். சாதாரண நாளுல அம்பது அறுபது பில்லு. தீபாவளி சீசன் வந்துட்டா முன்னூறு கூட ஆகும்.

2023 ஆகஸ்ட் 1ல இருந்து அஞ்சு கோடிக்கு மேல டர்ன் ஓவர் இருக்கற எல்லாரும் ஈ-இன்வாய்ஸ் போட்டாகணும்ல. ஒவ்வொரு பில்லையும் அரசாங்கத்தோட ஈ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்கு அனுப்பி, அங்க இருந்து ஐஆர்என்னு 64 எழுத்துல ஒரு பதிவு நம்பர் வந்து, கூடவே ஒரு க்யூஆர் கோடும் வந்து, அதை பில்லுல அச்சடிச்சாத்தான் சரக்கு கெளம்பும். பில்லு போற தூரம், நம்ம நெட்டு, நடுவுல இருக்கற சர்வருன்னு எல்லாம் சேந்து ஒரு பில்லுக்கு சுமாரா ரெண்டு செகண்டு. முன்னூறு பில்லுன்னா பத்து நிமிசம். கேக்கறதுக்கு ஒண்ணும் பெருசில்ல. ஆனா பில்லிங் பாக்கற அக்கா ஸ்கிரீன் முன்னாடி உக்காந்து, பின்னாடி டிரைவரு நின்னு "ஆச்சுங்களா அக்கா, ஆச்சுங்களா"ன்னு கேட்டுட்டு இருக்கற அந்தப் பத்து நிமிசம் ரொம்பப் பெருசு. நடுவுல நெட்டு ஒரு தடவ சிணுங்குச்சுன்னா பத்து இருவது ஆகும். "தம்பி, இது சும்மா உருண்டுக்கிட்டே இருக்குதுங்க, ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு அக்கா ஃபோன் பண்ணிட்டேதான் இருந்தாங்க.

அப்பத்தான் தம்பி அதை எடுத்து, பதினாறு த்ரெட்டு போட்டு மாத்துனான். அவன் லேப்டாப்புல டெஸ்ட் டேட்டா வெச்சு ஓட்டிக் காட்டுனான், பத்து நிமிசம் ஓடுனது முக்கா நிமிசத்துல முடிஞ்சு நின்னுச்சு. எல்லாருக்கும் சந்தோசம். மொதலாளி அண்ணனுக்கு வீடியோ எடுத்து வாட்ஸாப்புல அனுப்பியாச்சு.

கம்பெனில ஓட்டுன மொத நாளே அக்காகிட்ட இருந்து ஃபோன். குரல்ல கோவம் இல்ல, ஒரு மாதிரி நிதானம், அதுதான் பயமா இருந்துச்சு. "தம்பி, இந்தப் பில்லு சேலத்துக்காரருதுங்க. ஸ்கேன் பண்ணுனா ஜிஎஸ்டி நம்பரு 29ல ஆரம்பிக்குதுங்க. சேலம் எப்பங்க கர்நாடகாவுக்குப் போச்சு?"

அந்தக் கம்பெனில யாரும் சொல்லாமயே அந்த அக்கா ஒரு பழக்கம் வெச்சிருந்தாங்க. கட்டுக்கு ஒரு பில்லு உருவி, ஃபோன்ல க்யூஆர் ஸ்கேன் பண்ணிப் பாத்துட்டுத்தான் லாரிக்குக் குடுப்பாங்க. தமிழ்நாட்டு நம்பருன்னா 33ல ஆரம்பிக்கணும். 29 கர்நாடகா. பில்லுல சேலம் டீலரு பேரு, சேலம் சரக்கு, சேலம் தொகை, க்யூஆருக்குள்ள மட்டும் பெங்களூரு டீலரோட நம்பரும் தொகையும்.

நடந்தது இதுதான். பில்லு நம்பர் எடுக்கறதுக்கு பழைய கோடு, டேபிள்ல கடைசியா இருக்கற நம்பரைப் பாத்து ஒண்ணு கூட்டிக்கும். ரெண்டு த்ரெட்டு ஒரே சமயத்துல போயி 1418னு பாத்து, ரெண்டும் 1419னு எடுத்துக்கிச்சு. ஒண்ணு பெங்களூருக்கு, ஒண்ணு சேலத்துக்கு. பெங்களூரு பில்லு மொதல்ல போர்ட்டலுக்குப் போயி ஐஆர்என் வாங்கிருச்சு. ஐஆர்என்ங்கறது விக்கறவரோட ஜிஎஸ்டி நம்பர், என்ன வகை பில்லு, பில்லு நம்பர், நிதியாண்டு இதுகள வெச்சுக் கணக்குப் போட்டு வர்றது, வாங்கறவரு யாருங்கறது அதுல வராது. அதனால சேலம் பில்லு 1419 பின்னாடியே போனப்ப, 'இது ஏற்கனவே பதிவாயிருக்குது, இந்தா பழைய ஐஆர்என்'னு பதில் வந்துச்சு. எங்க கோடு அந்தப் பதிலை வெற்றின்னு எடுத்துக்கும். அப்படி எழுதி வெச்சதுக்கும் காரணம் உண்டு, நெட்டு கட்டாகி ரெண்டாவது தடவ அனுப்பறப்ப இதே பதில்தான் வரும், அப்ப அது நெசமாவே வெற்றிதான். தனித்தனியா பாத்தா ஒவ்வொரு வரியும் நியாயமா இருக்குது. எல்லாம் சேந்து சேலத்துக்காரரு பில்லுல பெங்களூருக்காரரு க்யூஆர ஒட்டி வெச்சிருச்சு.

நல்ல காலம் லாரி கெளம்பல. ரெண்டாவதா போன பில்லுக எதுவும் போர்ட்டல்ல பதிவாகாததால, அதுகளுக்கு மட்டும் புது நம்பர் போட்டு அனுப்பி ராத்திரி ஒன்பதரைக்கு சரக்கு கெளம்புச்சு. பதிவாயிருந்தா ரத்து பண்ணணும், அதுக்கு 24 மணி நேரம்தான் கெடு, ரத்து பண்ணுன நம்பரை மறுபடி உபயோகிக்க முடியாது, மாசம் முடிஞ்சு ஜிஎஸ்டிஆர்-1ங்கற விற்பனைக் கணக்குத் தாக்கல்ல எந்த நம்பர்ல இருந்து எந்த நம்பர் வரைக்கும் பில்லு போட்டீங்க, எத்தனை ரத்துன்னு 13ஆம் டேபிள்ல எழுதறப்ப ஆடிட்டர் ஒவ்வொண்ணையும் கேப்பாரு. மொதலாளி அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னாரு: "வேகம் எல்லாம் உங்க இஷ்டமுங்க தம்பி. பில்லு தப்பாப் போனா பணம் வராதுங்க."

இன்னொண்ணு, இது யாரும் எதிர்பாக்காதது. நம்பர் எல்லாம் சரியாப் போயிருந்தாலும் அன்னைக்கு லாரி சீக்கிரம் கெளம்பியிருக்காது. பில்லுக எந்த த்ரெட்டு மொதல்ல முடிச்சுதோ அந்த வரிசையில பிரிண்டருல வந்து விழுந்துச்சு. டிஸ்பாட்ச் பசங்க பெட்டிகள பேக்கிங் சிலிப்பு வரிசையில அடுக்கி வெச்சு, மேல இருந்து ஒவ்வொரு பில்லா எடுத்து ஒட்டிட்டே போவாங்க. கலைஞ்சு வந்த முன்னூறு தாளுல அவங்கவங்க தாளைத் தேடறதுக்கு நாலு பேரு தரையில உக்காந்துட்டாங்க. கம்ப்யூட்டருல ஒன்பது நிமிசம் மிச்சம், தரையில அரை மணி நேரம் செலவு.

லாக் ஃபைல்ல தெரிஞ்சது

மறுநாளு தம்பி மூஞ்சி தொங்கிப் போயிருந்துச்சு. பழைய கோடையே போட்டுரலாங்ணான்னான். நானும் மொதல்ல அதைத்தான் நெனச்சேன், சொல்லப்போனா உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோசம் கூட, பாத்தியா வரிசைதான் ஜெயிச்சுதுன்னு. ஆனா பழைய கோடைப் போட்டா பழைய பத்து நிமிசமும் வந்துரும், டிரைவரும் வந்துருவாரு. அதனால ரெண்டு பேரும் உக்காந்து, பழைய புரோக்ராம் ஓடுன ஒரு நாளோட லாக்க, அதாவது எப்ப என்ன செஞ்சுதுன்னு அது எழுதி வெக்கற பதிவை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் நேரத்தைப் பாத்தோம்.

ஒரு பில்லை மட்டும் எடுத்துக்கலாம். நம்பர் எடுக்க மூணு மில்லி செகண்டு. டேட்டாபேசுல எழுத பன்னெண்டு மில்லி செகண்டு. போர்ட்டலுக்கு அனுப்பறோம்னு ஒரு வரி. அதுக்கப்பறம் ஒண்ணுமில்ல. ஒண்ணே முக்கா செகண்டுக்கும் மேல லாக்குல வெறுமை. அப்பறம் பதில் வந்துருச்சுன்னு ஒரு வரி. அடுத்த பில்லுலயும் அதே. முன்னூறு பில்லுலயும் அதே. பத்து நிமிசத்துல எங்க புரோக்ராம் உருப்படியா வேலை செஞ்சது அஞ்சு செகண்டு கூட இல்ல, மிச்சம் பூரா வாசலைப் பாத்து உக்காந்திருக்குது.

எனக்கு அந்த எடத்துலதான் மண்டையில ஒறைச்சுது. நானும் தம்பியும் ஒரே ஃபங்ஷனைப் பத்தி சண்டை போட்டுட்டு இருக்கறோம், ஆனா அவன் பேசறது அதோட கடைசி நாலு வரியைப் பத்தி, நான் பேசறது மொத ரெண்டு வரியைப் பத்தி. காத்திருக்கற எடத்துல அவன் சொல்றதுதான் சரி, அங்க வரிசையில நிக்கறதுல ஒரு அர்த்தமும் இல்ல, எந்தப் பில்லு மொதல்ல போனாலும் பின்னாடி போனாலும் ஒண்ணுதான், ஒரே பில்லு ரெண்டு தடவ போனாலும் அதே ஐஆர்என்தான் வரும். நம்பர் எடுக்கற எடத்துல நான் சொல்றதுதான் சரி. ஜிஎஸ்டி விதி 46 கேக்கறதே தொடர் வரிசை நம்பர்தான், 16 எழுத்துக்கு மிஞ்சாம, ஒரு நிதியாண்டுக்குள்ள ரெண்டு தடவ வராம. சட்டமே வரிசையா வேணும்னு சொல்ற ஒண்ண பதினாறு பேரு சேந்து எழுதறதுக்கு என்ன இருக்குது?

அதுக்கும் தம்பி ஒரு வழி சொன்னான், ஒரு த்ரெட்டு நம்பர் எடுத்து முடிக்கற வரைக்கும் மத்தது தொடாத மாதிரி, நம்பர் வெச்சிருக்கற எடத்துக்குப் பூட்டுப் போட்டுரலாம்னு. போடலாம், தப்பில்ல. ஆனா பூட்டுப் போட்டா என்ன ஆகும், பதினாறு த்ரெட்டும் அந்த ஒரு பூட்டு முன்னாடி வரிசையா நிக்கும். திரும்ப வரிசைதான், என்ன, இந்தத் தடவ வரிசை இருக்கறது பாக்கறவனுக்குத் தெரியாது. போஸ்ட்கிரஸ் மாதிரி டேட்டாபேசுல சீக்வென்ஸ்னு ஒண்ணு இருக்குது, அது யாரையும் அப்படி நிக்க வெக்காம வேகமா நம்பர் குடுக்கும், ஆனா பில்லை எழுதற வேலை பாதில ரத்தாயிருச்சுன்னா அந்த நம்பர் போனது போனதுதான், நடுவுல ஓட்டை விழும். மத்த எதுக்கும் அது நல்லா இருக்கும், ஜிஎஸ்டி பில்லுக்கு அந்த ஓட்டைக்கு யாரு பதில் சொல்றது.

1967ல ஜீன் அம்டால் சொன்ன கணக்கு ஒண்ணு இருக்குது, காலேஜுல எல்லாரும் எழுதி மார்க் வாங்குனதுதான். ஒரு வேலையில பத்துல ஒரு பங்கு வரிசையாத்தான் செய்ய முடியும்னா, எத்தனை புராசசர் வாங்கிப் போட்டாலும் மொத்த வேகம் பத்து மடங்கைத் தாண்டாது. எல்லாரும் அதைப் படிச்சுட்டு, ஐயோ அந்தப் பத்துல ஒரு பங்கையும் ஒடைக்கணுமேன்னு கெளம்பறாங்க. நான் அதைத் திருப்பிப் படிக்கறேன். எங்க வேலையில வரிசையா இருந்தே ஆகவேண்டியது மொத்தமே அஞ்சு செகண்டுதான். அதை ஒடைச்சு சுக்குநூறாக்குனாலும் மிச்சம் ஆகப்போறது அந்த அஞ்சு செகண்டு. அதுக்காக சேலத்துக்காரரு பில்லைப் பணயம் வெக்கறது கட்டுபடி ஆகாது.

கடைசில மூணாப் பிரிச்சோம். மொதல்ல எல்லாப் பில்லுக்கும் நம்பர் போட்டு எழுதறது, ஒரே ஆளு, வரிசையா. அப்பறம் போர்ட்டலுக்கு அனுப்பறது, ஒரு சமயத்துல எட்டு. எல்லாத்துக்கும் பதில் வந்ததும் பிரிண்டு, மறுபடி ஒரே ஆளு, பேக்கிங் சிலிப்பு வரிசையில. ஏற்கனவே பதிவாயிருக்குதுன்னு பதில் வந்தா வாங்கறவரு நம்பரும் தொகையும் நம்ம பில்லோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டுத்தான் எடுத்துக்கும், ஒத்துப்போகலன்னா அந்தப் பில்லைத் தனியா எடுத்து வெச்சு செகப்புல காட்டும். டேபிள்ல ஒரே நம்பர் ரெண்டு தடவ ஏறாமத் தடுக்கற யுனிக் இண்டெக்சும் போட்டாச்சு. இத்தனை வருசமா அந்த இண்டெக்ஸ் இல்லாமயே ஓடியிருக்குதுங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே லூப்பு, ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு, அதனால ரெண்டு பேரு ஒரே நம்பரைத் தொடற சந்தர்ப்பமே வரல. அந்த ஃபார் லூப்பு பாட்டுக்கு யாருக்கும் தெரியாம ஒரு காவலும் காத்துட்டு இருந்திருக்குது. அதை எடுத்தப்ப காவலும் சேந்து போச்சு.

அவன் லேப்டாப்புல ஏன் இது தெரியலன்னு கேட்டா, ரெண்டு த்ரெட்டு ஒரே நொடியில ஒரே எடத்துல மோதறதுங்கறது நேரம் கூடி வந்தாத்தான் நடக்கும். டெஸ்ட் டேட்டாவுல டேபிள் சின்னது, நம்பர் எடுக்கறது சட்டுனு முடிஞ்சிருச்சு, மோதல. 2003 ஆகஸ்ட் 14ஆந்தேதி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் சுமார் அஞ்சு கோடிப் பேருக்கு கரண்ட் போச்சே, அதுக்கு மரக்கெளையில லைன் ஒரசினது மொதக்கொண்டு பல காரணம், அதுல ஒண்ணு ஓஹையோவுல ஒரு கன்ட்ரோல் ரூம்ல இருந்த அலாரம் சாப்ட்வேர் இதே மாதிரி மோதல்ல சிக்கி சத்தமே இல்லாம நின்னு போனது. ஒரு மணி நேரத்துக்கும் மேல அங்க இருந்தவங்களுக்கு அலாரம் வேலை செய்யலங்கறதே தெரியல. அத்தனை காலம் ஒழுங்கா ஓடுன புரோக்ராம் அது. அப்பறம் வாரக்கணக்கா கோடைக் கொடஞ்சுதான் அந்தத் தப்பைக் கண்டுபுடிச்சாங்க. டெஸ்ட்டுல பாஸ் ஆயிருச்சுங்கறது இந்த மாதிரி கோடுக்கு அத்தாச்சியே இல்ல.

எட்டுத் தறிக்கு ஒரு ஆளு

எட்டு ஒரே சமயத்துல அனுப்பறதுக்கு எட்டு த்ரெட்டு வேணுமான்னு அடுத்த கேள்வி வந்துச்சு. வேணும்னு இல்ல. இதைத் தம்பிக்குச் சொல்றதுக்கு எனக்கு சோமனூர் தறிக்கொட்டாய்தான் ஞாபகம் வந்துச்சு, எங்க பெரியப்பா அங்க கூலிக்கு நெசவு ஓட்டிட்டு இருந்தாரு, லீவுக்குப் போனா நாங்க எல்லாம் அந்தச் சத்தத்துலதான் தூங்குவோம்.

விசைத்தறியில எட்டுத் தறிக்கு ஒரு ஆளு. எட்டும் ஓடிட்டே இருக்கும், அவரு எதையும் ஓட்டறதில்ல, மோட்டாரு ஓட்டுது. நாடாவுல குறுக்கு நூலு சுத்துன தார் தீந்தா அந்தத் தறி தானா நின்னுக்கும். அவரு போயி புதுத் தார் போட்டு, கைப்பிடியத் தட்டி விட்டுட்டு அடுத்து எது நிக்குதோ அங்க போவாரு. மொத தறி, ரெண்டாவது தறின்னு மொறை வெச்சுச் சுத்தறதில்ல, எது நின்னுச்சோ அதுகிட்ட. ஈவென்ட் லூப்புன்னு சொல்றதும் அதேதான். ஜாவாஸ்கிரிப்ட் கோடை சர்வருல ஓட்டறதுக்கு 2009ல வந்த நோட் ஜேஎஸ் இப்படித்தான் நம்ம கோடை ஒரே த்ரெட்டுல ஓட்டுது, ஆயிரம் கனெக்சன் பதிலுக்குக் காத்துட்டு இருந்தாலும், பதில் வந்தது எதுவோ அதை மட்டும் போயிக் கவனிக்கும். எட்டுப் பில்லு அனுப்ப எட்டு ஆளு எதுக்கு?

ஆனா அதே கொட்டாய்ல, ஒரு தறியில பாவு, அதாவது நெடுக்க ஓடற நூலு, மொத்தமா அறுந்துபோச்சுன்னு வைங்க. ஒவ்வொரு இழையா எடுத்து முடிச்சுப் போட்டு, விழுதுலயும் அச்சுலயும் கோத்து இழுக்கணும். பெரியப்பா அதுக்குள்ள தலையக் குடுத்துட்டாருன்னா அந்த நேரத்துல மத்த ஏழு தறியிலயும் தார் தீந்து ஒவ்வொண்ணா நின்னுரும், கொட்டாயே அமைதியாயிரும். எங்களுக்கும் அது நடந்துச்சு. அதே கம்பெனிக்கு ஒரு ஸ்டாக் ரிப்போர்ட்டு, லட்சம் வரிக்கு மேல கூட்டிக் கழிக்கற வேலை, அதைக் கொண்டுபோயி பில்லு அனுப்பற அதே நோட் சர்வருல வெச்சாங்க. யாராச்சும் ஸ்டாக் ரிப்போர்ட்டு பட்டனைத் தட்டுனா பில்லிங் ஸ்கிரீன் உறைஞ்சு போயி நிக்கும். அது காத்திருக்கற வேலை இல்ல, கணக்குப் போடற வேலை, அதுக்குத் தனி ஆளுதான் வேணும், அதாவது தனி புராசஸ். பைத்தான் மொழியில எழுதுனதா இருந்தா இன்னும் ஒரு சங்கதி, த்ரெட்டு எத்தனை போட்டாலும் ஜிஐஎல்னு ஒரு பூட்டு இருக்கறதால ஒரு சமயத்துல ஒரு த்ரெட்டுதான் பைத்தான் கோடை ஓட்டும், காத்திருக்கற வேலைக்கு அது போதும், கணக்கு வேலைக்குப் பிரயோஜனம் இல்ல. அந்தப் பூட்டு இல்லாத பைத்தானை 2024ல வந்த 3.13ல சோதனைக்குன்னு தனியா விட்டாங்க, எங்க திருப்பூரு சர்வருக்கு அதெல்லாம் வர்றதுக்கு இன்னும் காலம் கெடக்குது.

வரிசைன்னா பழசுன்னு சொல்றவங்களுக்கு நான் காட்டறது ரெடிஸ்ங்கற டேட்டாபேஸ், டேட்டாவை மெமரியிலயே வெச்சுக் குடுக்கறது. வேகத்துக்குப் பேரு போன சாமான் அது, கட்டளைகள ஒரே த்ரெட்டுல ஒண்ணு முடிஞ்சு ஒண்ணாத்தான் செய்யுது. 2020ல 6ஆவது வெர்சன்ல அதுக்கும் த்ரெட்டு சேத்தாங்க, எங்கன்னா நெட்வொர்க்குல இருந்து படிக்கறதுக்கும் திருப்பி அனுப்பறதுக்கும் மட்டும். டேட்டாவைத் தொடற வேலை அப்பவும் ஒரே ஆளுகிட்டத்தான். அதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் தெம்பா இருந்துச்சு, நாங்க அந்தப் பனியன் கம்பெனிக்குப் போட்ட பங்கீடும் இதேதான். எல்லாரு ஃபோன்லயும் இருக்கற எஸ்க்யூலைட்டும் ஒரு டேட்டாபேசுல ஒரு சமயத்துல ஒருத்தரைத்தான் எழுத விடும். படிக்கறவங்க எத்தனை பேரு வேணாலும் படிச்சுக்கலாம்.

2005 வாக்குல இருந்து புராசசருக்குள்ள இருக்கற ஒவ்வொரு கோரோட வேகமும் முன்ன மாதிரி ஏறறது நின்னு, அதுக்குப் பதிலா கோர் எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுது, அதனாலதான் எல்லாரும் எல்லாத்தையும் பிரிச்சு ஓட்டணும்னு ஆச்சு. வீடியோ வேலை, படத்துல வேலை, பெரிய கணக்குக்கெல்லாம் அது நெசந்தான். ஆனா நம்மூரு பக்கம் நாம எழுதற சாப்ட்வேருல முக்காவாசி கணக்கே போடறதில்ல, எங்கியோ ஒரு சர்வர் பதில் சொல்றதுக்குக் காத்திருக்குது, இல்லாட்டி டேட்டாபேஸ் எழுதி முடிக்கறதுக்குக் காத்திருக்குது. கோர் எத்தனை இருந்தாலும் அந்தக் காத்திருப்பு கொறையாது.

ஆளுகளுக்கு

இதை எழுதிட்டு இருக்கறப்ப வீட்டுல கேட்டாங்க, புரோக்ராமுக்கு இவ்வளவு யோசிக்கறீங்களே, நீங்க ஒரே சமயத்துல மூணு வேலை டிக்கெட்டைத் தொறந்து வெச்சுட்டு ஒண்ணும் முடிக்காம உக்காந்திருக்கறது எந்த வகைன்னு. நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிஞ்சவரைக்கும் புரோக்ராமுக்குப் போட்ட அதே பிரிப்பு இங்கயும் செல்லும், ஆனா பாதிதான். கம்பெனிக்காரங்க பதில் சொல்ல ரெண்டு நாளு ஆகும்னா அந்த வேலைய வெச்சுட்டு அடுத்ததை எடுக்கலாம். ரெண்டுமே மண்டையில கோடு தொறந்து கெடக்கற வேலையா இருந்தா கூடாது. புராசசர் ஒரு த்ரெட்டை விட்டு இன்னொண்ணுக்குத் தாவறதுக்கு மைக்ரோ செகண்டு கணக்குலதான் ஆகும், விட்ட எடத்தை அது மறக்கறதும் இல்ல. நான் ஒரு ஃபோன் பேசிட்டு வந்தா எந்த ஃபைல்ல இருந்தேங்கறதே மறந்து போயிருக்கும். இப்ப ஏஐகிட்ட ஒரே சமயத்துல நாலு வேலைய ஏவி விட்டுட்டு நாலு டேபைப் பாத்துட்டு இருக்கறது வேற ஃபேசனாயிருச்சு, அதுலயும் ஏவறது வேணா நாலா நடக்கும், வந்ததைப் படிச்சு சரிபாக்கறது ஒரே ஆளுதான், அங்க க்யூ கட்டிரும். ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச சூத்திரம் சொல்றது இதுதான், முடிக்கற வேகம் அதேதான்னா, கையில எடுத்து வெச்சிருக்கற வேலை ரெண்டு மடங்கானா ஒவ்வொண்ணும் முடியறதுக்கு ஆகற காலமும் ரெண்டு மடங்காகும்.

பில்லிங் இப்ப சுமாரா ஒண்ணேகால் நிமிசத்துல முடியுது. தம்பிக்கு அது போதல. எட்டை முப்பத்திரண்டாக்குனா இருவது செகண்டுல முடிச்சுரலாங்ணான்னு இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்கறான். எதிர்ல பதில் சொல்ற சர்வருக்கும் ஒரு தாங்கற அளவு உண்டு, அதுவும் நம்ம ஒருத்தருக்காக மட்டும் அங்க ஒக்காந்திருக்கல, ஒண்ணு தடுக்குச்சுன்னா முப்பத்திரண்டும் சேந்து மறுபடி முட்டும்னு நான் சொல்றேன். அதுல இன்னும் ஒத்துப் போகல.

நடுவுல அக்காகிட்ட இருந்து புதுசா ஒரு கோரிக்கை. பில்லு வேகமா வந்துருது, இப்ப பிரிண்டருதான் மெதுவு, இன்னொரு பிரிண்டர் வாங்கித் தர்றேன்னு அண்ணன் சொல்லிட்டாருங்க, ரெண்டுலயும் சேந்து வருமாங்க தம்பின்னாங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்து ஒத்தைப்படை நம்பர் அதுல, ரெட்டைப்படை இதுலன்னு பேசிட்டு இருந்தோம், அப்பறம் ரெண்டு கட்டையும் மறுபடி வரிசையாச் சேக்கறது யாருன்னு மாட்டிக்கிட்டோம். அக்கா ஸ்பீக்கர்லயே கேட்டுட்டு இருந்திருக்காங்க போல. "அட எதுக்குங்க தம்பி, லாரிக்கு ஒரு பிரிண்டரு வெச்சுருங்களே. சேலம் லாரிக்கு ஏறற பெட்டிக்கும் கோயமுத்தூர் லாரிக்கு ஏறற பெட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" தம்பி அப்பவே பேக்கிங் சிலிப்பு டேபிள்ல லாரிக்குன்னு ஒரு கட்டம் இருக்குதான்னு தேட ஆரம்பிச்சுட்டான். இல்ல. சேக்கணும்.